பேரீச்சம்பழத்துக்குப் போகலாமா இந்த ரெயில்?

"பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!"

ஒரு காலத்தில் தெருவில் இந்தக் குரல் கேட்டால் போதும். குழந்தைகள் வீட்டுக்குள் ஓடுவார்கள். ஓட்டை வாளி, காது உடைந்த அண்டா, நசுங்கிய தகர விளக்கு என்று கைக்கு அகப்பட்டதை எல்லாம் தூக்கி வந்து தராசில் போடுவார்கள். மறு தட்டில் பேரீச்சம்பழம் விழும்.

இன்று பேரீச்சம்பழம் போய், ரூபாய் நோட்டு வந்துவிட்டது. தொண்டை கிழியக் கூவிய குரல் போய், வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி கூவுகிறது. தராசு மட்டும் மாறவில்லை. அதற்கு எடை தெரியும். தன்மேல் விழுந்த பொருள் என்ன என்று தெரியாது.

அப்படி எடைக்குப் போன சாமான்களில் ஒன்று, சாவி கொடுத்தால் ஓடும் தகர ரெயில்!

கைக்கு அடக்கமான ஓர் என்ஜின். அதன் பின்னால் இரண்டு மூன்று பெட்டிகள். வட்டமாகப் பூட்டுவதற்குத் தண்டவாளத் துண்டுகள். சாவியைத் திருகி விட்டால் "கடகட" என்று கூடத்தையே சுற்றி வரும்.

ஓட்டம் நின்று, துரு ஏறி, பரணில் கிடக்கும் ரெயிலைத் தராசில் போட்டால் என்ன கிடைக்கும்? ஒரு வேளைச் சிற்றுண்டிக்கும் காணாது. ஆனால், அதே ரெயிலைத் தேடி அலைகிறவர்கள் உலகம் எங்கும் இருக்கிறார்கள். துருவைத் துடைத்து, சுருளை மாற்றி, மறுபடியும் ஓட விடுகிறார்கள்.

அந்தத் தகரத்தில் அப்படி என்ன இருக்கிறது?

ரெயில் பூமி

சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி பக்கம் வசிப்பவர்களுக்கு ரெயில் புதிதல்ல.

பக்கத்தில் உள்ள செங்குன்றத்திலிருந்து, சாலை போடுவதற்கான கல்லை ஏற்றி வர 1837-ம் ஆண்டிலேயே இரும்புப் பாதை போட்டார்கள். இந்தியாவில் ஓடிய முதல் ரெயில் அதுதான் என்று சொல்வது உண்டு.

தென்னாட்டில் பயணிகளை ஏற்றிக்கொண்டு முதல் ரெயில் புறப்பட்டது 1856-ம் ஆண்டு ஜூலை மாதம் 1-ந் தேதி. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை சென்ற அந்த ரெயில், அம்பத்தூர், ஆவடி வழியாகத்தான் போயிற்று.

பெரம்பூரில் ரெயில் பட்டறைகள் எழுந்தன. 1955-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, ரெயில் பெட்டித் தொழிற்சாலையைப் பிரதமர் நேரு திறந்து வைத்தார். ஆகவே ரெயில்வேயில் வேலை பார்த்த தாத்தா, மாமா, சித்தப்பா உள்ள குடும்பங்கள் இந்தப் பக்கம் நிறைய உண்டு.

பெரிய ரெயிலைக் கட்டிக் காத்த ஊர் இது. சின்ன ரெயிலின் கதையும் இங்கே உள்ளவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சொப்புச் சாமான் செய்த குடும்பம்

கதை ஜெர்மனியில் தொடங்குகிறது.

அங்கே கோப்பிங்கன் என்ற ஊரில் மார்க்லின் என்ற தகர வேலைக்காரர் இருந்தார். 1859-ம் ஆண்டு அவர் பொம்மைகளுக்கான சமையல் பாத்திரங்களைத் தகரத்தில் செய்து விற்கத் தொடங்கினார். நம் ஊரில் மரத்தில் செய்யும் சொப்புச் சாமான் மாதிரிதான்.

1866-ம் ஆண்டு அவர் இறந்துவிட்டார். தொழில் அதோடு முடிந்தது என்றுதான் ஊரார் நினைத்திருப்பார்கள். ஆனால், அவருடைய மனைவி கரோலின் கலங்கி உட்கார்ந்துவிடவில்லை. சாமான்களைத் தாமே ஊர் ஊராகக் கொண்டு போய் விற்றார். பெண்கள் வியாபாரத்துக்காகத் தனியே பயணம் போவது அரிதாக இருந்த காலம் அது!

பிள்ளைகள் வளர்ந்து 1888-ம் ஆண்டு தொழிலை ஏற்றனர். 1891-ம் ஆண்டு லைப்சிக் சந்தையில், சாவி கொடுத்து ஓட்டும் ரெயிலையும், எட்டு வடிவில் வளைந்த தண்டவாளத்தையும் மார்க்லின் கம்பெனி காட்சிக்கு வைத்தது.

ரெயில் பொம்மை அதற்கு முன்பும் உண்டு. மார்க்லின் செய்த புதுமை வேறு. தண்டவாளத்தின் அகலத்துக்கு அளவுகளை நிர்ணயித்து, அந்த அளவுகளுக்கே எல்லாவற்றையும் செய்தார்கள்.

இதனால் என்ன பயன்? இந்தப் பண்டிகைக்கு ஓர் என்ஜின் வாங்கலாம். அடுத்த பண்டிகைக்கு ஒரு பெட்டி. அதற்கு அடுத்த வருஷம் நாலு துண்டுத் தண்டவாளம். எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தும். ரெயில் வளர்ந்துகொண்டே போகும். வாங்கிய சாமான் வீணாகாது.

இந்த அளவுகளில் மிகுதியாகப் பரவியது 32 மில்லி மீட்டர், அதாவது ஒன்றேகால் அங்குலம். ஆவடி வழியாக ஓடும் அகலப் பாதையின் அகலம் 1,676 மில்லி மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள். பொம்மைத் தண்டவாளம், பெரிய தண்டவாளத்தில் 52-ல் ஒரு பங்கு!

கடன் வாங்கிய ஐந்து பவுன்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரில் பிராங்க் ஹார்ன்பி என்பவர் இருந்தார். இறைச்சி இறக்குமதி செய்யும் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா வேலை. பெரிய படிப்பு இல்லை. பணமும் இல்லை.

தம் பிள்ளைகள் விளையாடுவதற்காக, உலோகத் தகட்டைப் பட்டை பட்டையாக வெட்டித் துளை போட்டார். துளைகளில் திருகாணி போட்டு முடுக்கினால் பாலம் ஆகும். கழற்றி வேறு விதமாகப் பூட்டினால் பாரம் தூக்கும் இயந்திரம் ஆகும்.

முதலாளியிடம் ஐந்து பவுன் கடன் வாங்கி, 1901-ம் ஆண்டு அதற்குக் காப்புரிமை பெற்றார். இதுதான் பின்னாளில் "மெக்கானோ" என்று உலகப் புகழ் பெற்றது.

1920-ம் ஆண்டு ஹார்ன்பி, ரெயில் பொம்மையும் செய்யத் தொடங்கினார். அவருடைய முதல் ரெயிலில் ஒரு விசேஷம் உண்டு. அதையும் திருகாணி போட்டே பூட்டி இருந்தார். சிறுவர்கள் என்ஜினைக் கழற்றிப் பார்க்கலாம். மறுபடியும் பூட்டலாம். பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம்.

"பொம்மையை உடைக்காதே" என்று பிள்ளையை அதட்டுவதுதான் பெரியவர்களின் வழக்கம். "கழற்றிப் பார்" என்று சொல்லி விற்றவர் ஹார்ன்பி!

குமாஸ்தாவாக இருந்த அவர் 1931-ம் ஆண்டு பாராளுமன்ற உறுப்பினரும் ஆனார். 1936-ம் ஆண்டு காலமானார். அவருடைய தொழிற்சாலையின் ரெயில்கள் கப்பல் ஏறி இந்தியாவுக்கும் வந்தன.

மண்ணெண்ணெய் டின்னின் தம்பி

தகரம் என்றால் என்ன?

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். அதே வெள்ளீயத்தை மெல்லிய இரும்புத் தகட்டின் மேல் பூசினால், அதுதான் தகரம். இரும்பு வலிமை தரும். ஈயப் பூச்சு துருவைத் தடுக்கும்.

ஹார்ன்பி ரெயில் பிறந்த அதே 1920-ம் ஆண்டில், நம் நாட்டில் ஜாம்ஷெட்பூரில் தகரத் தகடு செய்வதற்கென்றே ஒரு கம்பெனி தோன்றியது. பர்மா எண்ணெய்க் கம்பெனியும் டாட்டாவும் சேர்ந்து அதை நிறுவின. எண்ணெய்க் கம்பெனிக்குத் தகரம் எதற்கு? மண்ணெண்ணெய் டின் செய்வதற்கு!

அந்த டின் காலியானதும் நம் வீடுகளில் அரிசி டின் ஆயிற்று. தெருமுனைத் தகரக்காரர் கையில் அதுவே முறம் ஆயிற்று, புனல் ஆயிற்று, சிம்னி விளக்கு ஆயிற்று. பொம்மை ரெயில் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

தட்டையான தகட்டின் மேல் முதலில் வண்ணப் படத்தை அச்சடிப்பார்கள். ஜன்னல், கதவு, கைப்பிடி எல்லாம் அச்சுதான். பிறகு இயந்திரத்தில் வெட்டுவார்கள். பெட்டியாக மடிப்பார்கள். ஓரத்தில் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். எதிர்ப்பக்கத்தில் அதற்குத் தக்க பிளவுகள் இருக்கும். நாக்கைப் பிளவில் நுழைத்து மடக்கினால், பெட்டி தயார். ஆணி வேண்டாம். பற்றவைக்கவும் வேண்டாம்.

என்ஜினின் வயிற்றில் இருப்பது ஓர் எஃகுச் சுருள். சாவியைத் திருகும்போது சுருள் இறுகும். விட்டவுடன் விரியும். விரியும் வேகத்தில் பல் சக்கரங்கள் சுழன்று, என்ஜினின் சக்கரங்களைச் சுழற்றும். நம் வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்கும் இதற்கும் கொள்கை ஒன்றே. கடிகாரம் மெதுவாக விரியும். ரெயில் வேகமாக விரியும். அவ்வளவுதான் வித்தியாசம்.

மகாராஜாவின் சாப்பாட்டு மேஜை

இந்தியாவில் மிகவும் புகழ்பெற்ற சிறு ரெயில் எது தெரியுமா? தகரத்தில் செய்தது அல்ல. வெள்ளியில் செய்தது!

குவாலியர் மகாராஜா மாதவராவ் சிந்தியாவுக்கு ரெயில் என்றால் உயிர். இங்கிலாந்தில் பாசெட் லோக் என்ற கம்பெனியிடம் சொல்லி, 1906-ம் ஆண்டு ஒரு வெள்ளி ரெயில் செய்ய வைத்தார்.

அது மின்சாரத்தில் ஓடும். எங்கே ஓடும்? விருந்தினர் சாப்பிடும் மேஜையின் மேல்! ஏழு பெட்டிகள். பெட்டிகளில் கண்ணாடிக் குடுவைகளும், சுருட்டும் இருக்கும். ஒரு விருந்தினர் முன்னால் வரும்போது அவர் குடுவையைத் தூக்கினால், ரெயில் நிற்கும். திரும்ப வைத்தால் புறப்படும்!

குவாலியரில் உள்ள ஜெய் விலாஸ் அரண்மனை அருங்காட்சியகத்தில் இந்த ரெயிலைப் பார்க்கலாம்.

மகாராஜாவின் ரெயில் வெள்ளியில் செய்தது. அதை எவரும் பழைய இரும்புக் கடையில் போடமாட்டார்கள். தகர ரெயிலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதை வாங்கியவர்கள் மகாராஜாக்கள் அல்ல. பிள்ளைகளின் ஆசைக்காக மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தவர்கள். அதன் விலையைச் சொல்லக் கஜானாக் கணக்குப் புத்தகம் கிடையாது. வாங்கிக் கொடுத்தவர் ஞாபகம் ஒன்றுதான் உண்டு.

தகரம் போனது, பிளாஸ்டிக் வந்தது

இரண்டாம் உலகப் போர் வந்தது. பொம்மைக்கு உலோகம் கிடைக்கவில்லை. பொம்மைத் தொழிற்சாலைகள் போர்ச் சாமான் செய்யப் போயின.

போர் முடிந்த பிறகு பிளாஸ்டிக் வந்தது. அது மலிவு. கையை வெட்டாது. துருவும் பிடிக்காது. ரெயில்களும் சிறுத்தன. தகர ரெயிலை வாங்க ஆள் குறைந்தது. 1964-ம் ஆண்டு மெக்கானோ கம்பெனி கைமாறியது. 1979-ம் ஆண்டு லிவர்பூல் தொழிற்சாலை இழுத்து மூடப்பட்டது. ஹார்ன்பி என்ற பெயர் மட்டும் இன்றும் ரெயில் பொம்மைகளில் இருக்கிறது.

புதிதாகச் செய்வது நின்றபோது, பழையதைத் தேடுவது தொடங்கியது. அமெரிக்காவில் 1954-ம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 1969-ம் ஆண்டிலும், பொம்மை ரெயில் சேகரிப்போர் சங்கங்கள் தோன்றின. எந்த வருஷம் எந்த நிறத்தில் பெட்டி வந்தது, எந்த என்ஜினுக்கு எந்தச் சாவி என்று எழுதி வைத்தார்கள். தேய்ந்த பாகங்களைப் புதிதாகச் செய்து, ஒருவருக்கு ஒருவர் கொடுத்து உதவினார்கள்.

பரணில் கிடைத்தால் என்ன செய்வது?

வீட்டுப் பரணில் ஒரு தகர ரெயில் அகப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பேரப்பிள்ளை கேட்கிறான்: "தாத்தா, இது ஓடுமா?"

பெரும்பாலும் ஓடும். ஆனால் அவசரம் கூடாது.

முதலில் சாவியைத் திருகிப் பார்க்கக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன் போட்ட எண்ணெய், பிசின் மாதிரி இறுகிக் கிடக்கும். பலவந்தமாகத் திருகினால் பல் சக்கரத்தின் பல் போய்விடும்.

இரண்டாவது, என்ஜினின் உள்பாகத்தைத் திறக்கும் முன், சுருள் முழுவதும் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இறுகிய சுருள் திடீரென்று விரிந்தால் விரலைக் கிழித்துவிடும். இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை.

மூன்றாவது, தகர நாக்குகளை அடிக்கடி நிமிர்த்தக் கூடாது. ஒவ்வொரு தடவை மடக்கி நிமிர்த்தும்போதும் அது பலம் இழக்கும். கடைசியில் ஒடிந்துவிடும். தேவை இல்லாமல் பெட்டியைப் பிரிக்காமல் இருப்பதே நல்லது.

நாலாவது, பழைய எண்ணெய்ப் பிசினை எடுக்க, வண்ணத்தில் படாமல், பல் சக்கரங்களை மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட தூரிகையால் துடைக்கலாம். அடுப்பு பக்கத்தில் இருக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்தபின், தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய் ஒவ்வொரு அச்சுக்கும் ஒரு சொட்டு போதும். சமையல் எண்ணெய் கூடவே கூடாது. அது மறுபடியும் பிசின் ஆகும்.

சில என்ஜின்களில் சக்கரம் பொரிந்து, விண்டு விண்டு விழும். அது துரு அல்ல. துத்தநாகக் கலவையில் வார்த்த சக்கரம் அது. வார்க்கும்போது கலவையில் கொஞ்சம் காரீயம் கலந்துவிட்டால், நாளாவட்டத்தில் உள்ளுக்குள்ளேயே வெடித்துப் போகும். அதற்கு மருந்து இல்லை. சக்கரத்தைப் புதிதாகத்தான் கடையவேண்டும். லேத் பட்டறை உள்ள ஊரில் இது பெரிய காரியம் அல்ல. அம்பத்தூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

கடல் காற்றும் ஈரமும் உள்ள ஊர் சென்னை. ஈரச் சுவர் ஓரத்தில் தகரத்தை வைக்கக் கூடாது. மழைக்காலத்தில், மருந்துப் புட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டைப் பெட்டிக்குள் போட்டு வைக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வண்ணங்களில் காரீயம் கலந்திருக்கக் கூடும். ஆகவே வாயில் வைத்துக் கடிக்கும் வயதுக் குழந்தைகளிடம் இதைக் கொடுக்கக் கூடாது. தொட்டபின் கை கழுவ வேண்டும்.

பெயிண்ட் அடிக்கலாமா?

பலரும் செய்யும் தவறு இதுதான். ஆசையோடு உப்புத்தாளால் தேய்த்து, பளபள என்று புதுப் பெயிண்ட் அடித்துவிடுவார்கள்.

அச்சடித்த வண்ணம் ஒரு தடவை போனால் போனதுதான். ஜன்னலும் கதவும் அச்சில் இருந்தவை. அவற்றைக் கையால் திரும்ப வரைய முடியாது. எந்தத் தொழிற்சாலை, எந்தக் காலம் என்று சொல்லும் அடையாளமும் அதோடு அழிந்துபோகும். சேகரிப்பவர்கள் கீறல் விழுந்த பழைய வண்ணத்துக்குக் கொடுக்கும் மதிப்பைப் புதுப் பெயிண்டுக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே, மென்மையான உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். குழந்தை ஒன்று தரையில் தேய்த்த கீறல் இருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் குழந்தை இன்றைக்குத் தாத்தாவாக இருக்கலாம்!

ஓடினால்தான் ரெயில்

சீர் செய்த ரெயிலைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுவதா, ஓட விடுவதா? சேகரிப்பவர்களிடையே இது பழைய வழக்கு.

பூட்டி வைத்தால் தேயாது என்பது ஒரு கட்சி. அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மிகவும் அரிதான, இற்றுப்போன ரெயிலை ஓட்டினால் அதுவே அதன் கடைசி ஓட்டம் ஆகிவிடலாம்.

ஆனால், நல்ல நிலையில் இருப்பதை ஓட்டுவதே அதற்கு நல்லது என்பது மற்றொரு கட்சி. அசையாமல் கிடந்தால் எண்ணெய் இறுகும். சுருள் ஒட்டிக்கொள்ளும். அவ்வப்போது சில நிமிஷம் ஓடினால், எங்கே பழுது என்று உடனே தெரியும்.

இதற்குப் பெரிய ரெயிலிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அதுவும் பெரம்பூரில்!

"ஈ.ஐ.ஆர். 21" என்ற நீராவி என்ஜின் 1855-ம் ஆண்டு இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் செய்தது. 1909-ம் ஆண்டு அது ஓய்வு பெற்றது. அதன்பின் சுமார் நூறு ஆண்டுகள் காட்சிப் பொருளாக நின்றது. அதை எடுத்து வந்து, இல்லாமல் போன பாகங்களைப் புதிதாகச் செய்து பூட்டி, 2010-ம் ஆண்டு மறுபடியும் ஓட வைத்தவர்கள் பெரம்பூர் லோகோ பணிமனைத் தொழிலாளர்கள். நூறு ஆண்டு நின்ற என்ஜின், புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது!

புனேயில் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுவதும் செய்து சேர்த்த சிறு ரெயில்கள், 1998-ம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக இருக்கின்றன. அவை தகர ரெயிலைவிடச் சிறியவை. மின்சாரத்தில் ஓடுபவை. அங்கே போகிறவர்கள் நின்ற ரெயிலைப் பார்க்கப் போவதில்லை. ஓடும் ரெயிலைப் பார்க்கவே போகிறார்கள்.

சென்னையில் வில்லிவாக்கம் அருகே புதிய ஆவடி சாலையில், 2002-ம் ஆண்டு மார்ச் 28-ந் தேதி திறந்த ரெயில் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய என்ஜின்கள், பெட்டிகள், மாதிரிகள் எல்லாம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துப் போனால், தாத்தா ஓட்டிய ரெயில் எப்படி இருந்தது என்று காட்டலாம்.

சாவியைத் தேடுங்கள்

தகர ரெயிலைச் செய்தவர்கள், அது பழுதாகும் என்று தெரிந்தே செய்தார்கள். ஆகவேதான் நிமிர்த்துவதற்கு நாக்கு வைத்தார்கள். கழற்றுவதற்குத் திருகாணி வைத்தார்கள். சாதாரணக் கைகளால், சாதாரணக் கருவிகளால் பழுது பார்க்க முடிகிற பொம்மை அது. பழுது என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டியதே இல்லை.

ஆகவே அடுத்த தடவை வீடு ஒழிக்கும்போது, துருப்பிடித்த தகரம் எது கிடைத்தாலும் திருப்பிப் பாருங்கள். அடியில் சக்கரம் இருக்கிறதா? பக்கத்தில் சதுர அச்சு உள்ள துவாரம் இருக்கிறதா? இருந்தால் அது தராசுக்குப் போகவேண்டிய சாமான் அல்ல.

சாவியும் அங்கேயேதான் எங்காவது கிடக்கும். பழைய சாவிக்கொத்தில், ஆணி டப்பாவில், பாட்டியின் அஞ்சறைப்பெட்டியில்கூட இருக்கலாம். கிடைக்காவிட்டால், அச்சின் அளவைக் காட்டிப் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

வாசலில் ஒலிபெருக்கி கூவினால், கூவட்டும். அவருக்குக் கொடுக்க ஓட்டை வாளி இல்லாமலா போய்விடும்?